46 கிலோ என்னும் பொய்க்கணக்கு

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளை தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் இங்கிருந்தே கொண்டுபோய்விட வேண்டும். விமான நிறுவனம் அனுமதிக்கும் எடையில் ஒரு கிலோகூட வீணாகக் கூடாது. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் இதை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. விசா கைக்கு வந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடுகிறது. போன வருஷம் போன சீனியர் ஒருவர் அனுப்பியது அது. அதில் அத்தை பத்துப் பொருள் சேர்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து சேர்க்கிறார். எதையும் நீக்குவதற்கு மட்டும் யாரும் முன்வருவதில்லை.

இந்தக் கருத்து தவறு. பழக்கம், பாசம், சிக்கனம் ஆகிய மூன்றின் பெயரால் அது நிற்கிறது. மூன்றையும் அது காப்பாற்றவில்லை.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கல்விக் கடன் வாங்கிப் போகிற பிள்ளை. அங்கே தொட்டதற்கெல்லாம் டாலர். எஃப்-1 மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வேலை கிடைத்து முதல் சம்பளம் வரவும் வாரக்கணக்கில் ஆகும். கார் கிடையாது, ஊரும் புதிது. வாடகை வீட்டைத் திறந்தால் தரைவிரிப்பும் வெறும் சுவர்களும்தான் இருக்கும். இரண்டு பெட்டி, தலா 23 கிலோ என்று பல விமானங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே தருகின்றன. தருவதை ஏன் விட வேண்டும்? இங்கே 200 ரூபாய்க்கு வாங்கக்கூடியதை அங்கே 20 டாலருக்கு ஏன் வாங்க வேண்டும்? கேள்விகள் நியாயமானவை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழையானது.

1. அந்த 46 கிலோ இலவசம் என்று யார் சொன்னது?

விமான நிறுவனம் கட்டணம் வாங்கவில்லை என்பதால் எடைக்கு விலையே இல்லை என்றாகிவிடாது. அந்த விலையைப் பிள்ளையின் உடம்பு கொடுக்கிறது. 23 கிலோவில் பெட்டி இரண்டு, கைப்பெட்டி ஒன்று, முதுகில் மடிக்கணினிப் பை. மொத்தம் 55 கிலோவுக்குக் குறையாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனை முடிந்ததும், பெட்டிகளைத் தானே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, தூக்கமில்லாத கண்களோடு, அடுத்த விமானத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். சென்னையில் வண்டி தள்ள நான்கு பேர் வருகிறார்கள். அங்கே ஒருவரும் வருவதில்லை. பல மாணவர் குடியிருப்புகளில் லிஃப்ட் இல்லை; இரண்டாவது மாடிக்கு ஒவ்வொரு பெட்டியாக மூச்சிரைக்கத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

இதற்கு முன்பே மீனம்பாக்கத்தில் ஒரு காட்சி நடந்துவிடுகிறது. எடை பார்க்கும் மேடையில் 25.4 என்று காட்டுகிறது. வரிசை பின்னால் நீள, பெட்டியைத் தரையில் போட்டுத் திறக்கிறார்கள். டேப் சுற்றிய பொடிப் பொட்டலங்களை அம்மா கைப்பெட்டிக்கு மாற்றுகிறார். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடி கையோடு போனால் தனிச் சோதனை உண்டு என்பது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை. விடைபெற வேண்டிய கடைசி அரைமணி நேரம் ஜிப்போடு மல்லுக்கட்டுவதில் கழிகிறது. இதையும் அந்த இலவசத்தின் விலையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

2. எல்லாவற்றையும் 85-ஆல் பெருக்கினால் கணக்குச் சரியாகிவிடுமா?

சிக்கன வாதம் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டுகிறது. அங்கே ஆகும் செலவை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பதறும் குடும்பம், இங்கே ஆகும் செலவை டாலராக மாற்றிப் பார்ப்பதே இல்லை. தி.நகருக்கு நாலைந்து நடை: புதுப் பெட்டிகள், பாத்திரங்கள், ஸ்வெட்டர், ஜாக்கெட், டஜன் கணக்கில் உள்ளாடை, ஆறு மாதத்துக்கான சோப்பு, ஷாம்பு, பற்பசை. இதற்கு 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டால் அது சுமார் 470 டாலர். அந்தப் பணம் பிள்ளையின் கையில் இருந்தால் ஒரு மெத்தை, சமைக்கச் சில பாத்திரங்கள், முதல் மாத மளிகை ஆகியவற்றை வாங்கிய பிறகும் மிச்சம் இருக்கும்.

அங்கே எல்லாமே விலை அதிகம் என்பதும் உண்மையில்லை. வாடகையும் மருத்துவமும் முடிவெட்டுவதும் விலை அதிகம். வாளி, ஹேங்கர், கரண்டி, துண்டு போன்றவை அப்படியில்லை. மலிவு விலை டாலர் கடைகளும், குட்வில் போன்ற பழைய பொருள் கடைகளும் மாணவர்கள் வாழும் ஊர்களில் சாதாரணம். படித்து முடித்துப் போகிறவர்கள் மேசையையும் நாற்காலியையும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாஸ்டனில் ஏராளமான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1 அன்றுதான் தொடங்குகின்றன. பழையவர்கள் காலி செய்து புதியவர்கள் குடிபுகும் அந்த நாட்களில், மாணவர்கள் நிறைந்த ஆல்ஸ்டன் பகுதியின் நடைபாதை முழுக்க மேசையும் அலமாரியும் விளக்குமாகக் கிடக்கும். உள்ளூர்க்காரர்கள் அதை ‘ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே மெத்தையை மட்டும் தொடக் கூடாது. மூட்டைப்பூச்சி சேர்ந்தே வரும். மற்றவை கேட்பாரற்றுக் கிடக்க, நம் பிள்ளை கடல் கடந்து ஹேங்கர் சுமந்து வருகிறது.

3. பருப்பையும் அரிசியையும் எந்தச் சட்டத்தின் கீழ் அனுப்புகிறீர்கள்?

பட்டியல்களில் மிக ஆபத்தான பகுதி மளிகைதான். கப்ரா வண்டு என்னும் தானியப் பூச்சி இருக்கும் நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. இந்தியா அந்த நாடுகளில் ஒன்று. கொண்டைக்கடலைக்கும் இதே தடைதான். 2021-இல் உலர்ந்த பயறு, விதை வகைகள் பலவும் தடையில் சேர்ந்தன. பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அந்த நோய் சூறையாடியிருக்கிறது. இறைச்சி சேர்ந்த ஊறுகாய், தொக்கு எதுவும் போகாது. கொப்பரை இந்திய விமானத்திலேயே ஏறாது. எண்ணெய் மிகுந்த அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் நம் விமானப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன.

“எங்கள் பையன் கொண்டுபோனான், யாரும் கேட்கவில்லை” என்பார்கள். கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்லச் சொல்லித்தருகிறார்களே, அதுதான் இதில் பெரிய தவறு. உண்மையைச் சொல்லிக் காட்டினால் போகக் கூடாததை எடுத்துவிட்டு அனுப்புவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். மாணவர் விசாவில், ஒரு அதிகாரியின் தீர்ப்பை நம்பி நாட்டுக்குள் நுழையும் பிள்ளைக்கு முதல் நாளே பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது எந்தப் பருப்புக்கும் ஈடாகாது.

மளிகையைச் சுமந்துபோகத் தேவையும் இல்லை. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்க உயர்கல்வியில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். 2009-க்குப் பிறகு முதன்முறையாக இந்தியா சீனாவை முந்தியது அப்போதுதான். இவ்வளவு பேர் இருக்கும் இடத்துக்குக் கடைகள் வராமலா இருக்கும்? சிகாகோவின் டெவான் தெருவில் 1974-இல் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய படேல் பிரதர்ஸ் இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், புளி, அப்பளம் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நான்கு பேர் சேர்ந்து 20 பவுண்டு மூட்டை வாங்கினால் ஆளுக்கு ஆகும் செலவு ஒரு காபிக் கடைச் செலவை ஒட்டித்தான் வரும்.

4. அந்த வீட்டில் ஓடாத பொருளை ஏன் அனுப்ப வேண்டும்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இது தெரிந்தும் சிறு மிக்ஸியும் மின்கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் பெட்டிக்குள் போகின்றன. இங்கே வாங்கிய கெட்டிலை அங்கே செருகினால் ஏறக்குறைய கால் பங்கு சூடுதான் வரும். மிக்ஸி திணறும். மாற்றுவதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது மிக்ஸியைவிடப் பாரமாக இருக்கும். மடிக்கணினி, ஃபோன் சார்ஜர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முனை மாற்றும் சிறு அடாப்டர் போதும்.

எவர்சில்வர் டப்பாக்களும் அப்படித்தான். மாணவர் சமையலறையில் அதிகம் உழைப்பது மைக்ரோவேவ். அதில் எவர்சில்வர் வைக்க முடியாது. ஆறடுக்கு டிபன் கேரியரில் இருக்கும் சாம்பாரை, நாலு டாலர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித்தான் சூடு பண்ண வேண்டும்.

5. ஒரு வீட்டுக்கு எத்தனை குக்கர் வேண்டும்?

இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேர் சேர்ந்து குடியிருப்பது அங்கே பரவலான ஏற்பாடு. அந்த நால்வரும் ஜூன் மாதமே ஒருவரையொருவர் கண்டுபிடித்து, வாட்ஸ்அப் குழு தொடங்கி, வீடும் பேசிவிடுகிறார்கள். ஆனால் பெட்டி கட்டுவது மட்டும் நான்கு குடும்பங்களில் நான்கு தனி ரகசியங்களாக நடக்கிறது. ஆகஸ்டில் அந்தச் சமையலறையில் நான்கு குக்கர், நான்கு வாணலி, நான்கு தோசைக்கல், நான்கு அஞ்சறைப்பெட்டி வந்து சேர்கின்றன. அடுப்புக்கு மேல் ஒரே ஒரு அலமாரிதான். காய் நறுக்கும் பலகையும் குப்பைக்கூடையும் குளியலறைத் திரையும் ஒருவரிடமும் இல்லை. முதல் இரவில் வேண்டியிருந்தவை அவைதான்.

குக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு குக்கர், கூடவே ஒரு கேஸ்கட், ஒரு வெயிட். யார் எதைக் கொண்டுவருவது என்று நால்வரும் ஒரு மணி நேரம் பேசினால் ஆளுக்குப் பத்துக் கிலோவாவது குறையும். தங்கள் பிள்ளை யாரோடு வாழப்போகிறது என்பதையே யோசிக்காத பட்டியல் அது. ‘எல்லாம் நம்மிடம் இருக்க வேண்டும்’ என்ற எண்ணத்தோடு போகிற நால்வர் ஒரே வீட்டில் இருக்கலாம். அதற்காக ஒரு குடும்பமாக ஆகிவிட மாட்டார்கள்.

6. எந்த ஊருக்குப் போகிறது பிள்ளை?

‘அமெரிக்கா என்றால் குளிர்’ என்று முடிவு செய்துகொண்டு எல்லாருக்கும் ஒரே கனத்த ஜாக்கெட். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நம் மாணவர்கள் நிறையப் பேர் படிக்கும் டெம்பி அந்த ஊரை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஆகஸ்டில் இறங்கும் பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு? பஃபலோ போகிறவருக்கோ நேர்மாறான நிலை. ஈரி ஏரியிலிருந்து வரும் பனிப்பொழிவுக்கு, பனியையே பார்க்காத ஊரில் வாங்கிய ஜாக்கெட் தாங்காது. நவம்பரில் அங்கேயே வேறு வாங்க வேண்டியிருக்கும். முதலாமவருக்குத் தேவையில்லாததை, இரண்டாமவருக்குப் போதாததை ஒரே பட்டியல் இருவர் தலையிலும் கட்டுகிறது.

7. அடுத்த ஆண்டு இதையெல்லாம் யார் தூக்குவது?

பெட்டி கட்டுகிறவர்கள் ஒரு பயணத்தை மட்டும் நினைக்கிறார்கள். எம்.எஸ். மாணவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வீடு மாற வாய்ப்புண்டு. ஒப்பந்தம் ஜூலை கடைசியில் முடிந்து, அடுத்த வீடு ஆகஸ்ட் நடுவில்தான் கிடைக்கும் என்ற நிலை அங்கே சகஜம். அந்த இரண்டு வாரம் நண்பர் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். சாமான்களை எங்கே வைப்பது? கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும், படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்கும் ஊருக்குப் போக வேண்டும். குறைவாக வைத்திருப்பவர் இரண்டு பெட்டியோடு கிளம்பிவிடுவார். நிறைய வைத்திருப்பவர் கிடங்கு வாடகை கட்டுவார், அல்லது அம்மா சென்னையில் பார்த்துப் பார்த்து வாங்கியதைக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போவார்.

8. ஆயத்தம் என்று எதைச் சொல்கிறோம்?

மேலே சொன்னவையெல்லாம் பணம், இடம், உழைப்பு பற்றியவை. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பெட்டி நிறைந்ததும் பிள்ளை ஆயத்தமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுகிறோம். கிளம்புவதற்கு முந்தைய ஆறு வாரமும் கடை கடையாக அலைவதில் போகிறது. செய்ய வேண்டியவை செய்யப்படாமலே நிற்கின்றன.

வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த குடும்பம் எத்தனை? நால்வரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், ஒருவர் பாதியில் விலகினாலும் அவர் பங்கு வாடகைக்கு மற்ற மூவரும் பொறுப்பு. படுக்கைக்கு ஒரு தனி ஒப்பந்தம் என்றால் அந்தப் பொறுப்பு இல்லை. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் வரலாம். குடிபுகும் நாளில் தரைவிரிப்பில் ஏற்கெனவே இருக்கும் கறையையும் சுவரின் ஓட்டையையும் அடுப்பின் கீறலையும் படமெடுத்து வீட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். செய்யாவிட்டால் காலி செய்யும்போது டெபாசிட்டில் கழிப்பார்கள். மின்கணக்கை யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது என்பதையும் முன்பே பேசியாக வேண்டும்.

சமையலைப் பாருங்கள். பத்து வகைப் பொடி கொடுத்து அனுப்புகிறோம். சாதம் குழையாமல் வடிக்கவோ ஒரு ரசம் வைக்கவோ கற்றுக்கொடுத்தோமா? அங்கே அடுப்பு பெரும்பாலும் மின்சுருள் அல்லது கண்ணாடித் தட்டு. அணைத்த பின்னும் வெகுநேரம் சுடும். அடுப்பின் மேல் இருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும். எண்ணெய் புகைய விட்டுக் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் கூரையில் இருக்கும் புகைக்கருவி வீடே அதிர அலறும். பதறிப்போய் அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பது உயிருக்கு ஆபத்து. ஜன்னலைத் திறந்து, எண்ணெயை மிதமாகக் காயவைத்துத் தாளிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பழக்கினால் போதும். எந்தப் பட்டியலிலும் இதற்கு ஒரு வரி இல்லை.

‘பாசத்தை எடை போட முடியுமா?’ என்று கேட்பார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான். பருப்புப்பொடி அமெரிக்கக் கடையிலும் கிடைக்கும், அம்மா அரைத்தது கிடைக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அது பெட்டிக்குள் போக வேண்டும். அரைக் கிலோ பருப்புப்பொடி, இறுக மூடிய ஒரு பாட்டில் மாவடு, கொஞ்சம் வத்தக்குழம்புப் பொடி. சுங்கத்தில் சொல்லிவிட்டுக் கொண்டுபோகலாம். பிள்ளைக்கு ஊர் நினைவு வரும் நாளில் உதவப்போவது அந்த அரைக் கிலோதான். அதற்குரிய இடத்தைத் துணி துவைக்கும் தூளும் பன்னிரண்டு சோப்பும் பிடித்துக்கொள்கின்றன. பாசத்துக்கு இடம் வேண்டும் என்பவர்கள் முதலில் சோப்பை எடுத்து வெளியே வைக்கட்டும்.

அப்படியானால் எதைக் கொண்டுபோவது?

அங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காதது, கிடைக்கத் தாமதமாவது, முதல் பத்து நாளுக்கு அவசியமானது. இந்த மூன்றில் ஒன்றிலும் சேராத பொருள் பெட்டிக்குள் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், சேர்க்கைக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ்கள், தடுப்பூசிச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்; பெட்டி தவறினாலும் அவை தவறாது. பவர்பேங்கும் அதோடுதான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு, பிரிக்காத அட்டையில். கண்ணாடி போடுகிறவர் இரண்டு மாற்றுக் கண்ணாடி கொண்டுபோக வேண்டும். அங்கே கண் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் புதிது வாங்க முடியாது. பல பல்கலைக்கழகக் காப்பீடுகளில் பல்லும் கண்ணும் சேர்வதில்லை. ஆகவே தி.நகருக்குப் போகும் ஒரு நடையைப் பல் மருத்துவருக்கு மாற்றுங்கள். அது மிச்சப்படுத்தும் டாலரை எந்தக் குக்கரும் மிச்சப்படுத்தாது. ஒரு வாரத்துக்கான துணி, ஒரு போர்வை, ஒரு படுக்கை விரிப்பு, வீட்டுக்கான பங்காக ஒன்றிரண்டு பாத்திரம், அம்மாவின் பொடி. இவ்வளவும் ஒரு பெட்டியில் அடங்கும். இரண்டாவது பெட்டி பாதி காலியாகப் போனால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. மீதிப் பணத்தைப் பிள்ளையின் கணக்கில் போடுங்கள். எது தேவை என்பதை அந்த வீட்டுக்குள் நின்று அதுவே முடிவு செய்யட்டும்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பூமியின் மறுபக்கத்துக்குத் தனியாக அனுப்பத் துணிகிறோம். சொந்தமாக ஒரு வாளி வாங்கிக்கொள்ளும் என்று மட்டும் நம்ப மறுக்கிறோம். அந்த நம்பிக்கையின்மைதான் 46 கிலோவாகப் பெட்டியில் ஏறுகிறது. இந்த ஆகஸ்டில் கிளம்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தேவையில்லாதவற்றை அடிக்கத் தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலை மேசையில் விரித்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஆயத்தம் அங்கேதான் தொடங்குகிறது.